வரப்போரம்: வாசகர் கேள்வி – பதில்

(வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில், நீடாமங்கலத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் இந்தப் பகுதிக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, எப்போதும் பயிர், பூச்சி, உரம் என்றே எழுதுகிறீர்கள். உங்களுக்கென்று சொந்த விருப்பம் எதுவும் கிடையாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ஏன் இல்லாமல், அம்மா? பட்டியல் போட்டால் என் வீட்டு அம்மாள் சிரிப்பார், அவ்வளவுதான்.

முதலாவது, நாதஸ்வரம் கேட்பது. வாசிக்கத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முந்தும்போது நான் மேளக்காரர்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டாவது, அடுத்தவர் நாற்றங்காலை எட்டிப் பார்ப்பது. இது பொறாமைக் கணக்கில் சேராது என்று நம்புகிறேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் எனக்குப் பயணமே வீண். எந்த ஊரில் நடவு முடிந்தது, எங்கே பயிர் வெளிறிக் கிடக்கிறது, எந்த வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால்தான் இறங்கும்போது மனம் நிறையும். மூன்றாவது, சுவாமிமலைச் சிற்பக் கூடங்களின் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது.

மூன்றிலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான். கை தேர்ந்த ஆள் எந்த இடத்தில் அளவை விட்டுக்கொடுக்கிறார், எந்த இடத்தில் மயிரிழைகூட அசைய மாட்டேன் என்கிறார்? பணியில் இருந்த காலத்தில் என் சட்டைப் பையில் ஒரு பரிந்துரைத் தாள் எப்போதும் இருக்கும். ஏக்கருக்கு இவ்வளவு, இத்தனையாம் நாள், இத்தனை சென்டிமீட்டர். அதைப் படித்துக் காட்டுவது என் வேலை. விவசாயிகள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வயலில் இறங்கி வேறு மாதிரி செய்வார்கள். சிலருக்கு மண்ணைக் கவ்வும்; சிலருக்கு என் தாளில் உள்ளதைவிட நன்றாகவே விளையும். விளைந்தவர்களைத் தேடிப் போய் ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த உத்தியோகம் எனக்குப் பிடித்தது. அவர்களில் ஒருவரும் ‘சும்மா செய்தேன்’ என்று சொன்னதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது.

கேள்வி: ஒற்றை நாற்று நடவுக்கு 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, குத்துக்கு (நடும் ஒவ்வோர் இடத்துக்கும்) ஒரு நாற்று என்று பயிற்சியில் சொன்னார்கள். வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்ததால் என் பாய் நாற்றங்காலில் (பாய்போல் மெல்லிய மண் பரப்பில் விட்ட நாற்றங்கால்) நாற்றுக்கு 20 நாளாகிவிட்டது. கோ 51 நெல் ரகம். ‘முறை கெட்டுப்போயிற்று, பேசாமல் பழைய நடவுக்கே போய்விடு’ என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– இளம் விவசாயி, மன்னார்குடி

தம்பி, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த 14 எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், 20 நாள் நாற்றை என்ன செய்வது என்பது தானாகப் புரிந்துவிடும்.

இந்த முறை உருவானது மடகாஸ்கர் தீவில். அங்கே உழவர்களோடு பல காலம் பழகிய ஹென்றி டி லொலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அவர்கள் செய்வதையும் தாம் வயலில் கண்டதையும் சேர்த்து 1980களில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். சாரம் இவ்வளவுதான்: நாற்றை இளமையில் நடு, வேர் அடிபடாமல் நடு, ஒவ்வொரு குத்துக்கும் வெளிச்சமும் இடமும் கொடு, தண்ணீரைத் தேக்கி வைக்காமல் மண்ணை ஈரமாக வைத்திரு, களையை மண்ணுக்குள்ளேயே கிளறி அமுக்கு, தொழுவுரம் போடு. சென்டிமீட்டரும் நாள் கணக்கும் பிறகு ஒவ்வொரு நாட்டு ஆராய்ச்சி நிலையமும் தன் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி வைத்துக்கொண்டவை.

இளம் நாற்று ஏன் வேண்டும்? மூன்று இலைப் பருவத்தில் எடுத்து நட்டால், செடி இடம் மாறிய அதிர்ச்சியை அதிகம் உணராமல் தூர் கட்டத் தொடங்கிவிடும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடும். 14 நாள் என்பது நம் ஊர் வெயிலில் அந்தப் பருவம் வந்து சேரும் உத்தேசக் கணக்கு. அகல இடைவெளி இந்தத் தூர் கட்டும் வலிமையை நம்பித்தான் கொடுக்கப்படுகிறது. 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 20 குத்துகள் வரும். குறுகிய கால ரகத்துக்குச் சாதாரண நடவில் பரிந்துரை 15க்கு 10 சென்டிமீட்டர்; அதில் 66 குத்துகள் வரும். அந்த 66 செய்கிற வேலையை 20 செய்ய வேண்டும். இளம் நாற்று செய்யும். உங்கள் 20 நாள் நாற்று அந்த அளவுக்குச் செய்யாது.

ஆகவே இடைவெளியைக் குறையுங்கள். 20க்கு 20 வைத்தால் சதுர மீட்டருக்கு 25 குத்து. குத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு நாற்று வையுங்கள். ஆனால் சதுரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோனோவீடர் என்ற களைக் கருவி நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அது சதுரம். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 12 என்று நட்டால் கருவி ஒரு திசையில்தான் ஓடும். குத்துக்கு ஒட்டிய களை அப்படியே நிற்கும், அதைப் பிடுங்கக் கூலி தனியாகக் கொடுப்பீர்கள். தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். மண்ணில் முடிக் கோடு போல் வெடிப்பு தெரியும்போது பாய்ச்சினால் போதும். நாற்று முதிர்ந்துவிட்டது என்பதற்காக இந்த இரண்டும் மாற வேண்டிய அவசியமே இல்லை.

நடவுக்கு முன் ஒரு காரியம். பாயின் ஓரத்தில் ஒரு நாற்றை மட்டும் மெதுவாகப் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பேறி அடுத்த நாற்றின் வேரோடு பின்னிக்கொண்டதா? பிரிக்கும்போது ‘படக்’கென்று அறுபட்டால், அந்தப் பாயை நாற்று நாற்றாகப் பிய்க்காமல் மண்ணோடு சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு இரண்டு மூன்று நாற்று இருக்கும்படி வைத்துவிடுங்கள். வேர் மண்ணைப் பிடித்தபடி போவது, எண்ணிக்கை பார்ப்பதைவிட முக்கியம். பிரித்த நாற்றை வரப்பில் வெயில் காயப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மாதத்துக்கு ஒரு வாரம்’ என்பது இங்கே பழைய நாற்றுக் கணக்கு. மூன்று மாதப் பயிருக்கு மூன்று வார நாற்று, ஐந்து மாதப் பயிருக்கு ஐந்து வார நாற்று. கோ 51 மூன்றரை மாதப் பயிர். அவர் கணக்குப்படி உங்கள் நாற்றுக்கு இன்னும் வயதே வரவில்லை! இதை அவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: மேலுரமாக யூரியாவை எத்தனையாம் நாள் போடுவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் சொல்கிறார்கள்.
– வலங்கைமான் வாசகர்

பயிரைக் கேளுங்கள். இலை வண்ண அட்டை என்று ஒன்று வேளாண்மை அலுவலகங்களில் கிடைக்கும்; வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட இரண்டு வாரம் கழித்து, வாரம் ஒரு முறை, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், பத்துக் குத்துகளில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். அட்டையின்மேல் உங்கள் நிழல் விழும்படி நிற்க வேண்டும். நேர் வெயிலில் பச்சை ஏமாற்றும். பத்தில் ஆறு இலைகள் 4ஆம் எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் உரம் போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3ஆம் எண்; அது பிறவியிலேயே வெளிர் ரகம், அதை 4க்குக் கொண்டுவரப் பார்த்தால் சாய்ந்து படுத்துவிடும்.

கேள்வி: ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால்தான் குறுவை (குறுகிய கால நெல்), இல்லாவிட்டால் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை வழக்கம். இப்போதெல்லாம் தேதி மாறிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

தேதிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மழைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது வழக்கமாகிவிட்டது. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் இறங்கி, காவிரி வழியாகவும் கபினி வழியாகவும் வரத் தொடங்குவது ஜூனில். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்குவது அக்டோபர் பின்பாதியில். நடுவில் உள்ள அந்த இடைவெளியில் 110 நாள் பயிரை விதைத்து, அறுத்து, காயவைத்து மூட்டை கட்டிவிட வேண்டும். ஜூன் 12 அந்தக் கணக்கின் விடை. கணக்கை மறந்துவிட்டு விடையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆயிற்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து உங்கள் மதகுக்கு வருவது வேறு கதை. ஜூலை 28 திறந்த ஆண்டில் ‘திறந்தாயிற்றே’ என்று குறுவை விதைத்தவருக்கு அறுவடை எப்போது வரும்? நவம்பர் நடுவிலும் கடைசியிலும். கதிர் நனையும், அறுவடை இயந்திரம் வயலில் புதையும், நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள், சாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டியிருக்கும். அந்த மாதிரி ஆண்டில் குறுவையைக் கைகழுவிவிட்டு, நீண்ட காலச் சம்பாவை ஒரே பயிராக, ஆகஸ்டிலேயே நேரடி விதைப்பாகப் போட்டுவிடுவது நல்லது.

அறுவடை எந்த வாரத்தில் விழுந்தால் நெல் காயும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு அந்த எண்ணிக்கை மே மாத நாற்றங்காலில் போய் நிற்கும். ஆற்றை மட்டும் நம்பியவருக்கு ஜூன் பின்பாதியில் நிற்கும். ஜூலை தாண்டினால் குறுவைக்கு அந்த ஆண்டு விடுமுறை. உங்கள் தாத்தா ஜூன் 12ஐப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால், அவர் காலத்தில் அது பெரும்பாலும் பொய்க்கவில்லை. தேதிமேல் அவருக்குத் தனி விசுவாசம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: நாதஸ்வரப் பிரியர் என்று முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். அந்த வாத்தியத்திலாவது மரபு மாறாமல் இருக்கிறதே, அதில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?
– மயிலாடுதுறை வாசகர்

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக மாறியிருக்கிறது, ஐயா. எனக்கு மகிழ்ச்சியே அதில்தான்.

ஒரு காலத்தில் வழங்கியது திமிரி. குட்டையான குழல், உச்ச சுருதி. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு அந்த ஓசை ஊரைக் கூட்டும். கச்சேரி மேடைக்கு வந்தபோது அந்தச் சுருதி மேலே மேலே முட்டியது. சுத்த மத்யமம் (‘ம’ ஸ்வரத்தின் தாழ்ந்த நிலை) சரியாக நிற்பதும் வாசிப்பவரின் உதட்டையும் மூச்சையும் நம்பியே இருந்தது. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இதை மாற்ற விரும்பினார். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் உள்ள நரசிங்கம்பேட்டையில், ரங்கநாதன் ஆசாரி 1950களில் குழலை நீட்டி, துளைகளின் இடத்தைத் திருத்தி, சுத்த மத்யமம் பேசும் பாரி நாதஸ்வரத்தைக் கடைந்து கொடுத்தார். இன்று நீங்கள் கச்சேரியில் கேட்பது அந்தப் பாரிதான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அவர்கள் எதை மாற்றவில்லை என்பதையும் பாருங்கள். மரம் அதே ஆச்சா; அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்த உத்திரமும் தூணும்தான் உசத்தி. பச்சை மரத்தில் கடைந்தால் பிறகு காய்ந்து வளைந்துவிடும். விரல் துளை அதே ஏழு. அதற்குக் கீழே உள்ள துளைகளில் மெழுகை வைத்து அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரி செய்வதும் அப்படியே இருக்கிறது. குழலின் நீளம் மாறலாம், சுருதி மாறலாம்; ஆனால் ஓசை மரத்திலிருந்து வர வேண்டும், கமகம் மூச்சிலிருந்து வர வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய இசைத்தட்டுப் பதிவில் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கேட்காதவர்கள் இன்று இரவே கேட்டுவிடுங்கள். பத்திரிகையை நாளைக்குப் படிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் சுவாமிமலைச் சிற்பிகள்? அங்கே எல்லாம் கறாரான அளவுதானே? சாஸ்திரத்தில் சொன்னதிலிருந்து நூல் பிசகக் கூடாது என்பார்களே?
– அதே வாசகர், தொடர் கடிதத்தில்

விடமாட்டீர்கள் போலிருக்கிறது! கறார் உண்டு. எதில் கறார் என்பதுதான் அழகு.

ஒரு சிற்பி வேலை தொடங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அங்குல அளவுகோலைத் தொடவில்லை. தென்னங்கீற்றிலிருந்து ஓர் இலையை உருவி, நடு ஈர்க்கை நீக்கி, செய்யப்போகும் விக்கிரகத்தின் உயரத்துக்கு அந்த நாடாவை நறுக்கினார். பிறகு அதை மடித்தார். மடிப்புகள் விழுந்த இடங்கள்தாம் முகம், கழுத்து, மார்பு, நாபி, முழங்கால். நகத்தால் ஒவ்வொரு மடிப்பையும் கீறி விட்டார். இனி அந்த விக்கிரகத்துக்கு அந்த ஓலைதான் கோல். அரை அடி விக்கிரகமானாலும் ஆறு அடியானாலும் முகத்துக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் ஒன்றே, நீளம் வேறு. அடுத்த விக்கிரகத்துக்கு வேறு ஓலை.

இப்படி அளந்துதான் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். நகையின் மணி, விரலின் ரேகை எல்லாம் அந்த முதல் பூச்சில்தான் பதிகின்றன. அதனால் வண்டலில் மணல் துகள்கூடக் கூடாது. பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்க்கிறார்கள். அச்சை உடைத்தால்தான் விக்கிரகம் வெளியே வரும், ஆகவே ஓர் அச்சில் ஒரு விக்கிரகம்தான். விகிதத்திலும் வண்டலிலும் கறார். உயரம் கேட்பவர் விருப்பம். முகத்தின் பாவம் சிற்பியின் கை.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஓயாமல் ரயில் எஞ்சின்களை வரைந்துகொண்டிருக்கிறான். பத்தாம் வகுப்பு முடியும்வரை பென்சில், வண்ணம் எதையும் தொடக் கூடாது என்று அவன் அப்பா தடை போட்டு, காலை 5 முதல் இரவு 10 வரை அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.
– ஒரு தாய், தஞ்சாவூர்

இந்தக் கேள்வியை ஒரு வேளாண்மைக்காரனிடம் கேட்டிருக்கிறீர்களே அம்மா, அந்தத் துணிச்சலுக்கு நன்றி.

அட்டவணையைக் கிழிக்க வேண்டாம். வீட்டில் சண்டை வரும். உங்கள் கணவர் பயப்படுவது எதற்கு என்று கேளுங்கள். நேரம் போகிறது என்பதற்கா, மதிப்பெண் குறைகிறது என்பதற்கா, படம் வரைந்து பிழைக்க முடியாது என்பதற்கா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நேரம்தான் கவலை என்றால், ‘6 முதல் 7 வரை கணக்கு’ என்று எழுதியிருப்பதை ‘ஒரு பாடத்தில் ஐந்து கணக்கை யார் உதவியும் இல்லாமல் போடும்வரை’ என்று மாற்றச் சொல்லுங்கள். பையன் நாற்பது நிமிடத்தில் முடித்தால் மிச்சம் இருபது நிமிடம் எஞ்சினுக்கு. இரண்டு மணி நேரம் ஆனால் எஞ்சின் நாளைக்கு. மணிக்கூண்டுக்குப் பயந்து புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வரைவதைத் தடுக்காதீர்கள். எஞ்சினை வரைகிற பையன் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள விகிதத்தைத் தானாகவே பார்க்கப் பழகுகிறான். மேலே சொன்ன தென்னோலைக் கதையை அவன் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சுவாமிமலைக்கு அனுப்புங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் இருக்கும் ஊர்தானே. முருகனைக் கும்பிட்ட புண்ணியமும் சேரும்.

கேள்வி: உங்கள் பதில்களைப் படித்தால் கோபம் வருகிறது. ‘விதியைவிடக் காரணம் பெரிது’ என்று நீங்கள் எழுதுவதைத்தான் வாய்க்காலில் எங்களுக்கு மேல்மடையில் உள்ளவர்கள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். முறைத் தண்ணீர் எங்களுக்கு வர வேண்டிய நாளில், ‘எங்கள் பயிர் வாடுகிறது, சூழ்நிலையைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று தங்கள் மதகை இறக்கி மூடுவதில்லை. கடைமடையில் நாங்கள் காய்கிறோம்.
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர், தலைஞாயிறு

உங்கள் கோபம் முழுக்க நியாயம். இந்தக் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். இதைப் பேசாமல் விட்டிருந்தால் மேலே எழுதிய பதில்கள் எல்லாம் மதகுக்காரனுக்கு வக்காலத்தாகப் போயிருக்கும்.

நாற்று முதிர்ந்துவிட்டதென்று நான் இடைவெளியைக் குறைத்தால், தவறிப்போனால் நஷ்டம் எனக்கு. என் வயல், என் விதை, என் கூலி. அங்கே நானே யோசித்து முடிவெடுக்கலாம். மதகை நான் இறக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு. அடுத்தவர் நஷ்டப்படும் இடத்தில் காரணம் கற்பிக்கும் உரிமை எனக்கு இல்லை. தண்ணீர் தட்டுப்பாட்டில் முறை வைத்து விடுவது ஏன் வந்தது? வயல் மேலே இருப்பவனுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் இருக்காது என்பதைக் கண்டுதான். அந்த விதியின் காரணமே ‘நீ காரணம் சொல்லாதே’ என்பதுதான். நாளும் மணியும் போட்டு எழுதி, பூட்டுப் போட்டு, சாவியைப் பொதுவான ஓர் ஆளிடம் கொடுத்துக் காக்க வேண்டிய விதி அது.

இதே கணக்கில் வேறு சிலவும் உண்டு. பூச்சிமருந்தின் அளவும், தெளித்த பிறகு அறுவடைக்கு விட வேண்டிய நாளும் அட்டையில் போட்டபடிதான். சோறு சாப்பிடுபவர் உங்கள் வயலைப் பார்க்கவில்லை. ‘பூச்சி பலமாக இருக்கிறது’ என்று இரண்டு மடங்கு கலப்பவரிடம் நான் தத்துவம் பேச மாட்டேன், சண்டைதான் போடுவேன். அறுந்து தொங்கும் மின்கம்பியிடமும் யாரும் சூழ்நிலை பேச வேண்டாம்.

உங்கள் வாய்க்கால் விஷயமாகச் செய்யக்கூடியது: முறை நாளில் மதகு இறங்கவில்லை என்றால் நாள், நேரம், மதகு எண்ணைத் தாளில் எழுதி, பாசனப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒருவராகப் போகாமல் அந்த வாய்க்காலில் பாயும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் போங்கள். மேல்மடைக்காரரிடம் ‘புரிந்துகொள்கிறோம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: கும்பகோணம் டிகிரி காபிக்குச் சரியான அளவு என்ன? எத்தனை கரண்டி பொடி, எத்தனை டம்ளர் தண்ணீர்?
– சென்னையில் குடியேறிய பாபநாசத்துக்காரர்

கரண்டி ஆளுக்கு ஆள் வேறு, ஐயா. டிகாக்ஷன் இறங்கும் வேகத்தைப் பாருங்கள். வெந்நீர் ஊற்றிய இரண்டு நிமிடத்தில் கடகடவென்று இறங்கிவிட்டால் பொடி கொரகொரப்பு, அல்லது அமுக்கவில்லை. அரை மணியாகியும் சொட்டவில்லை என்றால் பொடி மாவாகிவிட்டது, அல்லது கோபத்தில் அமுக்கிவிட்டீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது. முதல் டிகாக்ஷனைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. சிக்கரி எவ்வளவு என்பதில் நான் தலையிடுவதில்லை. அதில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊர் இயற்கை விவசாயக் குழுவில் ‘பாரம்பரிய நெல் மட்டுமே போட வேண்டும், புதிய ரகம் ஒரு பிடிகூடக் கூடாது’ என்று விதி. எனக்கு மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) தாழ்ந்த நிலம், ஒரு மா மேட்டு நிலம். மேட்டு நிலத்தில் நீண்ட காலப் பயிர் போட்டால் கடைசித் தண்ணீர் கிடைப்பதில்லை. குழுவை விட்டு விலகுவதா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

விலக வேண்டாம். உங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இருந்த விதி நினைவிருக்கும்: 2 கிலோ விதை வாங்கிப் போனவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் அத்தனை ரகங்கள் இத்தனை கைகளுக்குப் பரவியிருக்காது. விதை பெருக வேண்டும் என்பது நோக்கம். அதற்குப் பொருந்துகிற விதி. உங்கள் குழுவிடமும் நோக்கம் எது என்று கேளுங்கள். ரகங்களைக் காப்பதா, ரசாயனம் இல்லாமல் விளைவிப்பதா? பின்னது என்றால், மேட்டு நிலத்தில் கோ 51ஐ ரசாயனம் இல்லாமல் போட்டாலும் நோக்கம் கெடாது. முன்னது என்றால், அறுபதாங்குறுவை போன்ற குறுகிய காலப் பாரம்பரிய ரகத்தை அங்கே போட்டுவிடுங்கள். குழுவின் விதியும் நிற்கும், உங்கள் நெல்லும் தண்ணீர் நிற்பதற்குள் வீடு வரும்.

தாழ்ந்த மூன்று மாவுக்கு மாப்பிள்ளைச் சம்பாவே போதும். உயரமாக வளரும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். நைட்ரஜன் கூடினால் சாய்ந்துவிடும். எருவைக்கூட அளவோடு போடுங்கள்.

யாரிடம் விதை வாங்கினாலும் முளைப்பைப் பார்த்துவிடுங்கள். நூறு விதைகளை எண்ணி, நனைத்த சாக்கில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் எண்பதுக்கு மேல் முளைத்தால் அப்படியே விதைக்கலாம். அறுபது, எழுபது என்றால் விதை அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் மிச்சத்தை அரைவைக்கு அனுப்பிவிடுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவில் கஞ்சி நன்றாக இருக்கும்.